அளந்தறிந்த அறிஞர்

சென்னையிலிருந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், தாம்பரத்தைக் கடந்து தெற்கே சென்றால் மறைமலை நகரை அடையலாம். தனித்தமிழறிஞர் மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய அவ்வூரிலும், அங்கிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரையில் விரிந்து கிடக்கும் நிலப்பரப்பிலும் தொழிற்சாலைகள் பல ஓங்கி நிற்கின்றன. ஊர்திகளும், ஊர்திகளுக்கு வேண்டிய உறுப்புகளும் அங்கே செய்யப்படுகின்றன. ஓர் ஊர்தியின் உறுப்புகள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் உருவாவன அல்ல. ஓர் ஆலையில் கடைந்தெடுத்த தண்டு, மற்றோர் ஆலையில் துளையிட்ட உருளையினுள் சென்று செவ்வனே பொருந்துகின்றது. இரண்டையும் செய்த தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் கண்டதும் இல்லை, பேசியதும் இல்லை. ஆயினும் அவர்தம் கைவேலைகள், ஒருவரே செய்தாற்போல ஒன்றோடொன்று இணைகின்றன. இஃது எவ்வாறு இயலுகின்றது?

இருவரும் ஒரே அளவுகோலைப் பின்பற்றுவதே அதற்குக் காரணமாகும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறாக வகுத்தால், அதில் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். பொறியின் சில உறுப்புகளில் ஐந்தாறு மைக்ரான் பிழை நேர்ந்தாலும் அவை உராய்ந்து தேயும்; அல்லது பொருந்தாமற் போகும். ஆதலின் தொழிலாளி தன் திருகு அளவியை நம்புகின்றான். அவ்வளவியை அதனினும் செம்மையான அளவைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர். அவ்வளவைகளை அவற்றினும் செம்மையானவற்றோடு ஒப்பிடுகின்றனர். இவ்வாறு படிப்படியாக மேலே ஏறிச் சென்றால், அவ்வேணியின் உச்சியில் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் நிற்கின்றது. நம் நாட்டின் நீளத்துக்கும், எடைக்கும், காலத்துக்கும் மூலஅளவைகளைக் காப்பது அவ்வாய்வுக்கூடமே. அதன் முதல் இயக்குநராக விளங்கியவர் தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றிலே பிறந்த பேராசிரியர் ஒருவர். கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் என்பது அவர் பெயர். கே. எஸ். கிருஷ்ணன் என்று உலகம் அவரை அறியும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பு என்னும் ஊர் உள்ளது. வயல்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த அவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் கிருஷ்ணன் பிறந்தார். அவருடைய தந்தையார் உழவுத் தொழிலோடு நூற்பயிற்சியும் உடையவர். கிருஷ்ணன் உள்ளூரிலும் அண்மையிலிருந்த திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கல்வி பெற்றார். அதன்பின் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். அமெரிக்க நாட்டிலிருந்து வந்த சமயத்தொண்டர்கள் 1881-இல் நிறுவிய கல்லூரி அது. தென்தமிழ் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்த இளைஞர் பலர்க்குப் புதிய அறிவியலின் வாயிலைத் திறந்துவிட்ட கல்விக்கூடங்களுள் அதுவும் ஒன்று.

அங்கிருந்து அவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் சென்றார். இன்று தாம்பரத்தில் மரங்களடர்ந்த பெருவெளியில் அமைந்துள்ள அக்கல்லூரி, அங்கே இடம் பெயர்ந்தது 1937-ஆம் ஆண்டிலேதான். கிருஷ்ணன் பயின்ற காலத்தில் அது சென்னை நகரின் நெருக்கடி மிகுந்த எஸ்பிளனேடு பகுதியில் இருந்தது. இயற்பியலில் பட்டம் பெற்ற அவர், அக்கல்லூரியிலேயே வேதியியற் செய்முறை காட்டும் ஆசிரியராகப் பணியேற்றார். அப்பணி சிறியதே, ஊதியமும் பெரிதன்று. ஆயினும் அவர் அப்பணியைத் தம் வழியில் பெரிதாக்கிக் கொண்டார். நண்பகல் உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி, இயற்பியலிலோ வேதியியலிலோ கணிதத்திலோ அவர்கள் வினவும் எவ்வினாவையும் எடுத்துக்கொண்டு உரையாடுவார். அக்கூட்டத்துக்குப் பிற கல்லூரி மாணவரும் வரத் தொடங்கினர். வருகைப் பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. அறிய வேண்டும் என்னும் அவா ஒன்றே அவர்களை அங்கே ஈர்த்தது.

அக்காலத்தில் கல்கத்தா நகரம் இந்திய அறிவியலின் தலைநகராக விளங்கியது. திருவானைக்காவிலே பிறந்த சி. வி. இராமன், அரசாங்கக் கணக்குத் துறையில் தாம் வகித்த உயர்ந்த பதவியைத் துறந்து, 1917 முதல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியராக இருந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் தோற்றுவித்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அவர் தம் ஆராய்ச்சிகளை நடத்தி வந்தார். அவர் புகழைக் கேள்வியுற்ற கிருஷ்ணன், 1920-ஆம் ஆண்டை ஒட்டிக் கல்கத்தா சென்று அவருடைய மாணவரானார்.

இராமனுடைய குழுவினர் அந்நாளில் ஆராய்ந்து வந்தது ஒளிச்சிதறலை ஆகும். தூசியற்ற தெளிந்த திரவத்தின் வழியே ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தினால், அதன் மிகச் சிறு பகுதி பக்கவாட்டில் சிதறும். அவ்வாறு சிதறிய ஒளியை அளந்தால், திரவத்திலுள்ள மூலக்கூறுகளின் இயல்பை அறியலாம். கிருஷ்ணன் 60-க்கும் மேற்பட்ட திரவங்களைத் தூய்மைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் சிதறும் ஒளியை அளந்தார். அவற்றுட் சிலவற்றில் வியப்பான ஒன்று தோன்றியது. சிதறிய ஒளியோடு, வேறு நிறமுடைய மங்கிய ஒளியும் கலந்திருந்தது. கே. ஆர். இராமநாதன் என்னும் அறிஞர் 1923-இல் இதனை முன்னரே கண்டிருந்தார். திரவத்தில் எஞ்சியிருக்கும் மாசே இவ்வொளிக்குக் காரணம் என்று முதலில் ஐயுற்றனர். ஆனால் திரவத்தை எத்துணை முறை வடித்துத் தூய்மை செய்தாலும் அம்மங்கிய ஒளி மறையவில்லை.

இந்நிலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அந்நாட்டு இயற்பியற் பேராசிரியர் ஆர்தர் காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் பொருளில் மோதிச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மிகுகின்றது என்று 1923-இல் கண்டறிந்திருந்தார். அதற்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ் கதிருக்கு நேர்வது கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கும் ஏன் நேரலாகாது என்று இராமன் எண்ணினார். அப்பொழுது கிருஷ்ணன் சில திங்களாகக் கணக்கிலும் கொள்கையிலும் மூழ்கியிருந்தார். மீண்டும் கருவியைக் கையில் எடுக்குமாறு இராமன் அவரைத் தூண்டினார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் சோதனைகளைத் தொடங்கினார்.

அச்சோதனையின் அமைப்பு மிக எளியது. சூரிய ஒளியைப் பெரிய ஆடிவில்லை ஒன்றினால் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் விடும் கண்ணாடி வழியே திரவத்தினுள் செலுத்தினர். அக்கண்ணாடி தடுக்கும் நிறங்களை மட்டுமே விடவல்ல மற்றொரு கண்ணாடியைத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையில் வைத்தனர். சிதறிய ஒளி சென்ற நிறத்திலேயே மீளுமாயின், இரண்டாம் கண்ணாடியின் வழியே இருளன்றி வேறெதுவும் தோன்றாது. ஆயினும் அங்கே இருள் இல்லை. மங்கிய தடம் ஒன்று தெரிந்தது. ஒளி தன் நிறத்தை மாற்றிக்கொண்டது என்பதே அதன் பொருள். திரவத்துக்குத் திரவம் கிருஷ்ணன் இதனைச் சோதித்தார். இராமனும் நேரில் வந்து தம் கண்ணாற் கண்டு உறுதி செய்தார். நாள்தோறும் நடந்தவற்றைக் கிருஷ்ணன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

பிப்ரவரி 16-ஆம் நாளிட்ட குறிப்பொன்று இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. அது 'நேச்சர்' என்னும் இதழில் மார்ச் 31-இல் வெளியாயிற்று. இதற்கிடையில் பிப்ரவரி 28-ஆம் நாள், நிறமாலைகாட்டி என்னும் கருவியின் வழியே அப்புதிய ஒளியை நோக்கினர். செலுத்திய நிறத்தினின்றும் இருண்ட இடைவெளியால் பிரிக்கப்பட்டு, புதிய நிறம் தனியே நிற்கக் கண்டனர். ஐயம் அடியோடு அகன்றது. அந்நாளையே இந்தியா 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி வருகின்றது.

இக்கண்டுபிடிப்புக்காக 1930-ஆம் ஆண்டு இராமனுக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. பரிசு ஒருவர்க்கே உரியதாயிற்று. கிருஷ்ணனுடைய பங்கு எத்தகையது என்னும் வினா, அன்று முதல் அறிஞரிடையே பலமுறை எழுந்துள்ளது. இதற்கு விடை கூறுவதிலும் செம்மை வேண்டும். ஒளிச்சிதறலை ஓராண்டன்று, ஏழாண்டுகள் தளராமல் ஆராயும் வழியை வகுத்தவர் இராமன். காம்ப்டன் கண்டதோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கத் துணிந்தவரும், அதன் பெருமதிப்பை உடனே உணர்ந்தவரும் அவரே. தூய திரவத்திலும் அவ்வொளி மறையாது என்பதைத் தம் பொறுமையால் மெய்ப்பித்துக் காட்டியவர் கிருஷ்ணன். இராமன் தம் நோபல் உரையில் கிருஷ்ணன், இராமநாதன் ஆகியோரின் முன்னைய ஆராய்ச்சிகளைப் பெயர் சுட்டிக் கூறியுள்ளார். ஒருவருடைய பெருமையை உயர்த்துவதற்காக மற்றவருடையதைக் குறைத்தல் நேர்மையான அளவை ஆகாது.

பரிசு அறிவிக்கப்பட்டபோது கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவர் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பதவியேற்றுச் சென்றிருந்தார். இன்று வங்காளதேசத்தின் தலைநகராக உள்ள அந்நகரில், அப்போது சத்தியேந்திரநாத் போஸ் என்னும் பேரறிஞர் இயற்பியற் பேராசிரியராக இருந்தார். பெரும் புகழ் தந்த துறையிலேயே நின்று, அப்புகழில் தமக்குரிய பங்கைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கக் கிருஷ்ணன் விரும்பவில்லை. படிகங்களின் காந்த இயல்பு என்னும் புதிய துறையில் அவர் புகுந்தார்.

படிகம் என்பது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்ட பொருள். அவ்வடுக்கு எல்லாத் திசையிலும் ஒருபடித்தாக இராது. ஆகவே காந்தத்தின் முன் வைத்தால், ஒரு திசையில் ஒருவகையாகவும் மற்றொரு திசையில் வேறொருவகையாகவும் படிகம் நடந்துகொள்ளும். இவ்வேறுபாடு மிகமிக நுண்ணியது. அதனை அளப்பதற்குக் கிருஷ்ணனும் அவர்தம் மாணவர்களும் அழகிய முறையொன்றை வகுத்தனர். சிறு படிகம் ஒன்றை மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டிக் காந்தமுனைகளுக்கிடையே தொங்கவிடுவர். காந்தம் படிகத்தை ஒரு நிலையில் பிடித்து நிறுத்தும். இழையின் மேல்முனையைச் சிறிது சிறிதாக முறுக்குவர். காந்தத்தின் பிடிக்கும் இழையின் முறுக்குக்கும் இடையே ஒரு போராட்டம் நிகழும். ஓர் எல்லையைக் கடந்தவுடன் படிகம் சட்டென்று சுழன்று திரும்பும். அவ்வெல்லைவரை எத்துணை முறுக்கு வேண்டியிருந்தது என்பதைக் கொண்டு, படிகத்தின் இரு திசைகளுக்கும் உள்ள காந்த வேறுபாட்டைக் கணக்கிடுவர்.

ஒரு நூலிழையும் ஒரு காந்தமும் கொண்டு இவர் அறிந்தது யாது? கண்ணாற் காணவொண்ணாத மூலக்கூறுகள், படிகத்தினுள் எவ்வாறு படுத்துக் கிடக்கின்றன என்பதை அறிந்தார். துணிப்பெட்டிகளில் இடும் பாச்சை உருண்டை நாப்தலீன் என்னும் பொருளால் ஆனது. அதன் மூலக்கூறுகள் தட்டை வடிவின. அத்தட்டுகள் எத்திசையில் சாய்ந்துள்ளன என்பதை இத்தகைய அளவைகள் காட்டிக்கொடுத்தன. பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட்டையும் அவர் இவ்வாறு ஆராய்ந்தார். எக்ஸ் கதிர்களைக் கொண்டு இங்கிலாந்தில் படிகங்களை ஆராய்ந்து வந்த கேத்லீன் லான்ஸ்டேல் என்னும் அம்மையாரும் கிருஷ்ணனும் 1936-இல் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒருவர் எக்ஸ் கதிராற் கண்டதும் மற்றவர் காந்தத்தாற் கண்டதும் ஒன்றற்கொன்று துணையாயின.

1933-ஆம் ஆண்டு கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாக் கழகத்துக்கு மீண்டார். 1940-இல் இலண்டன் இராயல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் இயற்பியற் பேராசிரியரானார். உலோகங்களில் மின்சாரம் பாயும்போது எழும் தடையின் காரணங்களை அங்கே ஆராய்ந்தார். 1946-இல் 'சர்' பட்டம் பெற்றார்.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் அவர்க்குப் பெரும் பொறுப்பொன்று வந்தது. புது தில்லியில் அமையவிருந்த தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் முதல் இயக்குநரானார். அவ்வாண்டு ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் சர்தார் வல்லபாய் பட்டேல் அதனைத் திறந்து வைத்தார். கட்டடம் எழுப்புவது எளிது. நாடு முழுவதும் நம்பத்தக்க அளவையை நிலைநாட்டுவது அரிது. அந்நாளில் இந்தியச் சந்தைகளில் வழங்கிய அளவைகள் எண்ணிறந்தன. படி, மரக்கால், பலம், வீசை, மணங்கு, சேர், தோலா எனப் பெயர்களும் பல. ஒரே பெயருடைய மணங்கும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. அளவு வேறுபடும் இடத்தில் ஏமாற்றம் எளிதாகும். அதனால் இழப்பெய்துவோர் பெரும்பாலும் எழுத்தறியாத ஏழை மக்களே ஆவர்.

இக்குறையைப் போக்க 1956-ஆம் ஆண்டில் எடையளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் முதல் நாள் ஒரு ரூபாய்க்கு நூறு காசு என்னும் முறை வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராமும் மீட்டரும் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தன. அவற்றுக்கெல்லாம் மூலமான அளவைகளைக் காத்து, பிற அளவைகளை ஒப்பிட்டுச் செம்மை செய்யும் கடமை அந்த ஆய்வுக்கூடத்துக்கு உரியதாயிற்று. பிளாட்டினமும் இரிடியமும் கலந்து செய்த, 57 என்னும் எண்ணுடைய எடைக்கல்லே இந்தியாவின் தேசியக் கிலோகிராம் மூலப்படியாக அங்கே காக்கப்பட்டது.

அளவையும் நிலைத்து நிற்பதன்று. அறிவு வளர வளர அதுவும் செம்மையுறுகின்றது. உலோகக் கோலின்மேல் இட்ட இரு கோடுகளின் இடைவெளியாக இருந்த மீட்டர், 1960-இல் கிரிப்டான் அணு வெளியிடும் ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. 1983 முதல் ஒளியின் வேகத்தைக் கொண்டு அது வரையறுக்கப்படுகின்றது. கிலோகிராமும் 2019-ஆம் ஆண்டு மே 20 முதல் உலோகக் கட்டியைச் சார்ந்திராமல், பிளாங்க் மாறிலி என்னும் இயற்கை எண்ணைச் சார்ந்துள்ளது. உலோகம் தேயலாம், மாசு படியலாம். இயற்கையின் விதியோ எந்நாட்டிலும் எக்காலத்திலும் ஒன்றே.

ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பு கிருஷ்ணனை வெறும் அலுவலராக ஆக்கிவிடவில்லை. மின்சாரத்தால் வெப்பமேறும் மெல்லிய தண்டில், நடுவிலும் முனைகளிலும் வெப்பநிலை எவ்வாறு மாறுபடுகின்றது என்பதைத் தம் மாணவரோடு சேர்ந்து அவர் அங்கே ஆராய்ந்தார். 1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசும் அவரை அடைந்தன. தமிழிலும் வடமொழியிலும் அவர்க்கு ஆழ்ந்த பயிற்சி உண்டு. அவர் பெரிய விஞ்ஞானி என்பதனினும் நிறைவான மனிதர், சிறந்த குடிமகன் என்பதே பெரிது என்று நேரு போற்றினார். 1961-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கிருஷ்ணன் மறைந்தார்.

அவர் பெயர் பலரும் அறிந்த பெயரன்று. பரிசுகளின் பட்டியலைக் கொண்டு மட்டும் மனிதரை அளப்போர், அவரை எளிதில் கடந்து சென்றுவிடுவர். ஆனால் அவர் வாழ்வு வேறோர் அளவுகோலைக் காட்டுகின்றது. மாசற்ற திரவத்தில் மங்கிய ஒளியைக் கண்டபோது, அது மாசன்று என்று உறுதியாகும்வரை அவர் ஓயவில்லை. கண்டது பெரும்புகழாக மலர்ந்தபோது, அதனைப் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. நாட்டுக்கு அளவை தேவைப்பட்டபோது, பிறர் கண்ணுக்குத் தெரியாத அவ்வடித்தளத்தை அமைக்கும் பணியைத் தம் தோளில் ஏற்றார்.

வணிகர் தராசில் முத்திரையிட்ட எடைக்கல்லை வைக்கின்றார். மருந்தாளர் மில்லிகிராம் கணக்கில் மருந்தை நிறுக்கின்றார். தொழிலாளி மைக்ரான் கணக்கில் உறுப்பைக் கடைகின்றார். அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கைக்குப் பின்னால், பெயர் தெரியாத பலருடைய செம்மையான உழைப்பு நிற்கின்றது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையிலெடுத்து, கிடைத்த அளவை உள்ளவாறே குறிப்பேட்டில் எழுதும் மாணவரும் அவ்வரிசையில் சேர்கின்றார். விடை வரவேண்டும் என்பதற்காக அளவைத் திருத்தாதிருத்தலே அறிவியலின் முதற்பாடம். கிருஷ்ணன் தம் வாழ்நாள் முழுவதும் பயின்ற பாடமும் அதுவே.